தலைக்கு மேலே பீரோ

பீரோவின் முக்கால் பங்கு காருக்குள் போய்விட்டது. மீதிக் கால் பங்கு பின்கதவுக்கு வெளியே, தெருவில் போகிறவர்களின் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போன முக்கால் பங்காவது ஒழுங்காகப் போயிற்றா என்றால் அதுவும் இல்லை. அதன் கால் ஒன்று கியர் கம்பியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கியர் விழலை," என்றார் சுடுதண்ணி.

"எந்த கியர்?" என்று கேட்டாள் மனைவி.

"எதுவுமே விழலை. ரிவர்ஸ் மட்டும் விழுது."

"அப்ப உங்க அக்கா வீடு வரைக்கும் ரிவர்ஸ்லயே போயிடலாமா?"

சுடுதண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு குடம் பால் திரிந்திருக்கும். மனைவி அசரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையைப் பார்த்து வருகிறவள் அவள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பார்சல் அலுவலகத்தில் லாரிகளில் சரக்கு ஏற்றும் பகுதிக்கு அவர் மேற்பார்வையாளர். அங்கே சுமை தூக்குகிறவர்கள் வைத்த பெயர்தான் சுடுதண்ணி. காலையில் ஏழு மணிக்கே கொதித்துக்கொண்டு வருவார். 'சரக்கு ஆடினால் கட்டியவன் ஆடுவான்' என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒரு கயிறு தொய்ந்திருந்தாலும் போதும், கட்டியவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார். ஆனால் தன் கையால் ஒரு மூட்டையைக் கூட அவர் கட்டியதில்லை. கட்டுகிறவர்களைத் திட்டுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

அவரைச் சமாளிக்கும் வித்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். டீ குடிக்கப் போக வேண்டும் என்றால், "சார், இன்னிக்கு டீ வேண்டாம், வேலையை முடிச்சுட்டே போறோம்," என்பார்கள். "நீ யாருடா அதைச் சொல்ல? வேலையை எப்ப முடிக்கணும்னு எனக்குத் தெரியாதா? போ, போய் டீ குடிச்சுட்டு வா!" என்று விரட்டுவார். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள் உண்டு. இவர் வேறு ரகம். எதிராளி மூன்று கால் என்றால் நான்கு என்பார்; நான்கு என்று ஒப்புக்கொண்டால் மூன்று என்பார்.

மனைவியும் அந்த வித்தையைப் படித்தவள்தான். கடைவீதிக்குப் போக வேண்டுமென்றால், "இன்னிக்கு வெளியே எங்கேயும் போக வேண்டாங்க, கால் வலிக்குது," என்பாள். ஐந்து நிமிஷத்தில் கார் வாசலுக்கு வந்துவிடும்.

ஆனால் இன்றைக்குக் காலையில் சந்தோஷத்தில் அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது.

சந்தோஷத்துக்குக் காரணம் இந்த பீரோதான். அது அவருடைய அம்மாவின் பீரோ. பாறை மாதிரி மரம். வலது கதவில் ஆளுயரக் கண்ணாடி. உச்சியில் ஒன்றையொன்று கொத்த வருகிற மாதிரி இரண்டு மரப் பறவைகள். திறந்தால் பாச்சை உருண்டை வாசனை ஆளைத் தள்ளும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு படுக்கையறை; அதில் பாதியை பீரோ எடுத்துக்கொண்டது. மிச்சம் பாதியில் கட்டில். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவளுடைய மெஷினுக்கு இடமில்லாமல் அது அடுப்படிக்குப் போயிற்று. வாடிக்கைக்காரர்களின் துணியில் தாளிதத்தின் வாசனை அடித்தது. சுடுதண்ணியின் சாப்பாட்டில் நூல் கிடந்தது. "என்னடி இது?" என்று கேட்டால், "உங்க பீரோவைக் கேளுங்க," என்பாள்.

அப்படிப்பட்ட பீரோவை, நேற்று ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த சுடுதண்ணி முறைத்துப் பார்த்தார். கல்யாணப் பந்தியில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் எதிர் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, "அட, நீதானே அக்காகிட்டயிருந்து பீரோவைப் பிடுங்கிட்டுப் போனவன்?" என்று கேட்டிருந்தார். சாதாரணமாகத்தான் கேட்டார். 'நீதானே வங்கியில வேலை பார்க்கிறவன்?' என்று கேட்கிற மாதிரி. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுடுதண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார்.

விடிந்ததும் அறிவித்தார். "அந்த பீரோவை இன்னிக்கே கொண்டுபோய் அவ வாசல்ல எறியறேன். நான் பிடுங்கினேனாம்! ஊர் பூரா சொல்லி வச்சிருக்கா!"

மனைவிக்குக் காதில் தேன் பாய்ந்தது. அந்த மயக்கத்தில்தான், "நல்லதுங்க, ஒரு வேன் சொல்லிடலாமா?" என்று நேராகக் கேட்டுத் தொலைத்தாள்.

"வேனா? வேன் எதுக்கு? வாசல்ல கார் நிக்குது, கண்ணு தெரியலையா? லாரி லாரியா சரக்கு ஏத்தறவன் நான். ஒரு பீரோவை ஏத்தத் தெரியாதா?"

தப்பான பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டோம் என்று அவளுக்கு உடனே உறைத்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? பீரோவை மாடியிலிருந்து இறக்க அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், குடியிருப்பின் காவலாளி நடுவில். இறக்கி முடித்தபோது மாடிப்படிச் சுவரில் சுண்ணாம்பு இல்லை. காருக்குள் திணித்து முடித்தபோது கியர் இல்லை.

"வெளியே இழு," என்றார் சுடுதண்ணி. "மேலே ஏத்திடலாம்."

"கார் தாங்குமாங்க?"

"ஏன் தாங்காது? இரும்புதானே?"

தெருவில் போன இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஐந்து பேராகத் தம் பிடித்து, பீரோவைக் காரின் கூரைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கூரை 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால், நடுவில் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"கூரை குழிஞ்சிடுச்சுங்க."

"நல்லதுதான். பீரோ உட்கார இடம் கிடைச்சது."

பெயின்ட் கீறுமே என்று மனைவி சொன்னாள். சுடுதண்ணி பழைய மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து, மறுபடி தூக்கச் சொல்லி அடியில் விரித்தார். இப்போது பெயின்ட் கீறவில்லை. ஆனால் பீரோ, மெத்தை மேல் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர ஆரம்பித்தது. வழுக்குவதைத் தடுக்கக் கயிறு வேண்டும். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு சுருள் கயிறு காரில் இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு, காரின் நான்கு ஜன்னல் கண்ணாடியையும் இறக்கினார். ஒரு ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, எதிர் ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, பீரோவின் மேலே போட்டு, மறுபடியும் உள்ளே விட்டு, முன்னால் மூன்று சுற்று, பின்னால் மூன்று சுற்று. காலைத் தூக்கிக் கதவில் மிதித்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போட்டார். பீரோவைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். கார் ஆடியது, பீரோ ஆடவில்லை.

"பார்த்தியா? இதுதான் கட்டு! ஏறு, போகலாம்."

மனைவி கதவுப் பிடியை இழுத்தாள். கதவு வரவில்லை. அடுத்த கதவை இழுத்தாள். அதுவும் வரவில்லை. நான்கு கதவுகளையும் சேர்த்தல்லவா கட்டியிருந்தார்!

காவலாளி வானத்தைப் பார்த்தார்.

"ஜன்னல் வழியா ஏறிக்கோ," என்றார் சுடுதண்ணி.

"நீங்க முதல்ல ஏறுங்க. நான் பார்க்கிறேன்."

அவர் முயற்சி செய்தார். தலையும் தோளும் போயின. தொப்பை போகவில்லை. பின்னாலிருந்து காவலாளி தள்ளினார். "தள்ளாதய்யா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. இழுத்தார். "இழுக்காதய்யா!" என்று வந்தது. தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது என்றால் ஒரு மனிதன் வேறு என்னதான் செய்வான்? காவலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஒருவழியாகச் சட்டையின் இரண்டு பொத்தான்களைப் பலி கொடுத்து வெளியே வந்தார் சுடுதண்ணி.

வந்ததும் திட்டியது காவலாளியை. "கட்டும்போது பார்த்துக்கிட்டுத்தானே நின்னே? சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேட்பீங்களா சார்?" என்றார் காவலாளி. நியாயமான கேள்வி. அதனாலேயே சுடுதண்ணிக்கு இன்னும் கோபம் வந்தது.

கயிற்றை அவிழ்த்தார்கள். இந்த முறை சுடுதண்ணியும் மனைவியும் முதலில் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். குழிந்த கூரை இடித்ததால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துதான் உட்கார முடிந்தது. காவலாளி வெளியே நின்று, மூக்குக்கு முன்னால் கயிற்றை விட்டு எடுத்து, அதே மாதிரி மூன்று சுற்று, மூன்று சுற்றாகக் கட்டி முடிச்சுப் போட்டார். காலையிலிருந்து வாங்கிய திட்டு அத்தனையும் அந்த முடிச்சில் இறுகியது.

"இறங்கணும்னா யார் அவிழ்ப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"அவதான். என் அக்கா. தன் கையால அவிழ்த்து, தன் கையால எடுத்துக்கட்டும்."

கார் புறப்பட்டது.

யாருக்கும் தலை குனியாத மனிதர் என்று பெயர் எடுத்தவர் இப்போது தலையைக் குனிந்தபடி ஸ்டியரிங்குக்கு மேலால் எட்டிப் பார்த்து ஓட்டினார். ஓட்டிக்கொண்டே பேசினார்.

"நான் கேட்டேனா அந்த பீரோவை? அம்மா வீட்டைக் காலி பண்ணும்போது அப்படி ஒரு பீரோ இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. அவதான் போய் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. 'இதை மட்டும் நீ தொடக்கூடாது, இது என் உயிரு, இதை எடுத்தே, நீ என் தம்பியே இல்லை'ன்னா. எடுத்தா என்னன்னு எனக்குத் தோணுமா தோணாதா? அப்பவே ஆபீஸ் லாரியைக் கூப்பிட்டேன். 'பீரோ உனக்கு, சாவி எனக்கு'ன்னு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா. அழுதா. மூணு வருஷம் ஆச்சு. ஒரு போன் உண்டா?"

"நீங்க பண்ணினீங்களா?"

"நான் ஏன் பண்ணணும்?"

அவருடைய கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று மனைவிக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் அந்த அக்கா. சின்ன வயதில் இவர் சாப்பிட அடம்பிடித்தால் அம்மா கையை விரித்துவிடுவாளாம். அக்காதான் எப்படியோ சாப்பிட வைப்பாளாம். இந்த மூன்று வருஷமாகப் போன் அடிக்கும்போதெல்லாம் இவர் முதலில் பெயரைப் பார்ப்பார். பிறகு முகம் சுருங்கும். பிறகு யார் கூப்பிட்டார்களோ அவர்களுக்குத் திட்டு விழும். பீரோ போய் மெஷின் உள்ளே வரவேண்டும் என்பது மனைவியின் கவலை. அக்கா ஒரு வார்த்தை பேசவேண்டும் என்பது அவருடைய கவலை. இரண்டும் கூரைமேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

முதல் வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. மேலே பீரோவும் தனியாக ஒரு தடவை ஏறி இறங்கியது.

"ஆடுது," என்றாள் மனைவி.

"அது ஆடலை. மெத்தை ஆடுது."

இரண்டாவது வேகத்தடையில் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்டது. மூன்றாவதில் பட்டென்று இன்னொரு சத்தம். மூன்று வருஷமாகச் சாவி இல்லாத பீரோ அது. கதவு திறக்காமலிருக்க இடுக்கில் மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். அந்த அட்டை பறந்துவிட்டது. மல்லாந்து கிடந்த பீரோவின் இரண்டு கதவுகளும், கயிற்றைத் தளர்த்தி இரண்டு முனைக்கும் ஒதுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் விரிந்தன. காற்றில் ஏறின. இறங்கின. மறுபடியும் ஏறின.

எதிரே வந்த சைக்கிள்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றார். பஸ்ஸிலிருந்து குழந்தைகள் கையாட்டின. காருக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

"எல்லாரும் ஏன் நம்மளையே பார்க்கிறாங்க?" என்றாள் மனைவி.

"கட்டியிருக்கிற அழகைப் பார்க்கிறாங்க."

நாற்சந்தியில் கண்ணாடி பொருத்திய கதவு ஒரு தடவை வசமாக எழும்பியது. வெயில் அதில் பட்டு, நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த போக்குவரத்துக் காவலரின் கண்ணில் அடித்தது. அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினார். நாலு திசை வண்டிகளும் அதையே சைகையாக எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் புறப்பட்டன.

அந்த வண்டி முடிச்சை அவிழ்த்துவிட்டுக் காவலர் வந்து சேர்ந்தபோது, அவருடைய முகம் சுடுதண்ணியின் முகத்தைவிடச் சிவந்திருந்தது.

"இறங்குய்யா கீழே!"

"இறங்க முடியாது," என்றார் சுடுதண்ணி.

"என்ன திமிரா? போலீஸ் இறங்கச் சொன்னா இறங்க மாட்டியா?"

"மாட்டேன்னு சொல்லலை. முடியாதுன்னு சொன்னேன்."

"நிமிர்ந்து பேசுய்யா!"

"அதுவும் முடியாது."

காவலர் கதவை இழுத்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். கயிறு போன வழியை விரலால் தொடர்ந்துகொண்டே காரை ஒரு சுற்று வந்தார். கோபம் போய், ஒருவித மரியாதை வந்தது அவருக்கு.

"எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். சரக்கைக் கட்டுவாங்க, இல்லைன்னா கட்டாம வருவாங்க. சரக்கை விட்டுட்டுத் தங்களைக் கட்டிக்கிட்டு வந்தவங்களை இப்பதான் பார்க்கிறேன். திடீர்னு பிரேக் போட்டா அந்த பீரோ எங்கே போகும் தெரியுமா? உங்களுக்கு முன்னாடி போகும். பக்கவாட்டில கட்டினா போதுமா? முன்னாடி இழுத்துக் கட்டணும், பின்னாடி இழுத்துக் கட்டணும். நீ என்ன வேலை பார்க்கிறே?"

சுடுதண்ணி வாயைத் திறக்குமுன் மனைவி சொல்லிவிட்டாள். "லாரியில சரக்கு ஏத்தற இடத்துல மேற்பார்வைங்க."

காவலர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சுடுதண்ணிக்குத் தாங்கியிருக்கும். அவர், "ஐயோ பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. அவிழ்த்து இறக்கி மறுபடி ஏற்ற நேரமில்லை. காவலர் இரண்டு லாரி ஓட்டுநர்களைக் கூப்பிட்டு பீரோவை நடுவுக்குத் தள்ளச் செய்தார். தளர்ந்த கயிற்றைத் திருகி இறுக்கினார்கள். இரண்டாவது சுருள் கயிற்றை எடுத்து, கதவுகளை மூடி, மேலேயே நீளவாக்கில் இழுத்து, காரின் முன் கொக்கியிலும் பின் கொக்கியிலும் முடிந்தார்கள். தள்ளின வேகத்தில் மரப் பறவை ஒன்று உடைந்து விழுந்தது. காவலர் அதை எடுத்து ஜன்னல் வழியாகச் சுடுதண்ணியின் மடியில் வைத்தார்.

"பின்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது. சிவப்புத் துணி கட்டணும். இருக்கா?"

"இல்லை," என்றாள் மனைவி.

"உன் பையில சிவப்பா ஏதோ தெரியுதே?"

அது ஒரு சின்னப் பெண்ணின் பிறந்தநாள் கவுன். இரண்டு ராத்திரி கண் விழித்துத் தைத்தது. வழியில் கொடுத்துவிட்டுப் போகலாமென்று எடுத்துவந்திருந்தாள். "சார், அது வேண்டாம் சார்..." என்று அவள் முடிப்பதற்குள் சுடுதண்ணி அதை உருவி வெளியே நீட்டிவிட்டார்.

"வேண்டாமா? ஏன் வேண்டாம்? சட்டம்னா சட்டம்தான்!"

அவருக்கு எதிரில் 'வேண்டாம்' என்ற வார்த்தையைச் சொன்ன தன் வாயைத்தான் நொந்துகொண்டாள். பீரோவின் வாலில் பிறந்தநாள் கவுன் கையை விரித்துப் பறந்தது.

"போன உடனே முதல் வேலையா கதவுக் கயித்தை அவிழ்க்கணும். இப்ப கிளம்பு," என்றார் காவலர்.

அதற்கப்புறம் பீரோ ஒரு அங்குலம்கூட அசையவில்லை. அதுவும் சுடுதண்ணிக்குப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் காவலரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அக்காவின் வீடு ஒரு குறுகலான தெருவில், கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலே ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலம். உள்ளே இரண்டு அறை. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். சுடுதண்ணி வாசலில் காரை நிறுத்தி, ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை.

"யாருடா அது, செத்த பிணம் எழுந்திரிக்கிற மாதிரி..." என்று கத்திக்கொண்டே வந்த அக்கா, வாசலில் அப்படியே நின்றாள். பின்னாலேயே பேப்பரும் கையுமாக அத்தான் வந்து நின்றார். அத்தான் பேசி யாரும் கேட்டதில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு அதற்கு வாய்ப்பும் கிடைத்ததில்லை.

வழியெல்லாம் சுடுதண்ணி ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். 'இந்தா உன் உயிரு, பொறுக்கிக்கோ' என்று ஆரம்பிக்கும் பேச்சு. அக்காவின் தலையில் நரை கூடியிருந்ததைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

"அக்கா," என்றார்.

அக்கா ஓடி வந்து கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி! என்னடா இப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே? உடம்பு சரியில்லையா? இளைச்சுப் போயிட்டியேடா!"

இரண்டு பொத்தான் தெறித்த சட்டைக்குள்ளிருந்து தொப்பை அதை மறுத்தது. ஆனாலும் அவர் மறுக்கவில்லை. "பீரோவைக் கொண்டுவந்திருக்கேன்க்கா. நீயே வச்சுக்கோ. நமக்குள்ள எதுக்கு?" என்றார். வாழ்நாளில் அவர் இத்தனை மெதுவாகப் பேசி மனைவி கேட்டதில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் கூரைமேல் இருந்ததைக் கவனித்தாள் போலிருக்கிறது. அவள் முகம் வெளுத்தது. கண் பீரோவிலிருந்து வாசலுக்குப் போயிற்று. வாசலிலிருந்து பீரோவுக்கு வந்தது. பிறகு அத்தானிடம் போயிற்று. அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தார் சுடுதண்ணி. மடியிலிருந்த மரப் பறவையை எடுத்து நீட்டினார். "இது மட்டும் உடைஞ்சு போச்சு."

அவ்வளவுதான். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு, ஜன்னலை விட்டு இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கைவைத்தாள்.

"உடைச்சுக் கொண்டுவந்திருக்கியா? என் உயிரை உடைச்சுக் கொண்டுவந்திருக்கியாடா? சரி, இறக்கு! இப்பவே இறக்கு! நல்லா பயந்து போயிருக்கே, தெரியுது. நாலு பேர் நாலு விதமா பேசினதும் நடுங்கிப் போய்க் கொண்டுவந்துட்டே!"

"பயந்தா? யாரு? நானா?"

"பின்னே? ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லப் போறேன். 'என் தம்பி பயந்துபோய், தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து, மன்னிப்புக் கேட்டுட்டு பீரோவை வச்சுட்டுப் போனான்'னு. இறக்குடா! திரும்ப எடுத்துட்டுப் போகலாம்னு மட்டும் நினைக்காதே! எடுத்துட்டுப் போக விடமாட்டேன்!"

"தலையைக் குனியலை! கூரை இடிக்குது!" என்று கத்தினார் சுடுதண்ணி.

"குனிஞ்சுதானே இருக்கே?"

"நீ யாரு என்னை விடாம இருக்க? என் அம்மா பீரோ! என் கார்! நான் எங்கே வேணும்னாலும் கொண்டு போவேன்!"

மனைவிக்கு அடுப்படியில் நிற்கிற மெஷின் கண்முன் வந்தது. ஆனால் இந்த முறை அவள் தடுமாறவில்லை. தப்பான பக்கத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. மூச்சை இழுத்து, தன் வித்தையை எடுத்தாள்.

"ஆமாங்க, இங்கே இறக்கவே வேண்டாம். திரும்ப நம்ம வீட்டுக்கே கொண்டு போயிடலாங்க!"

சுடுதண்ணி தலையைக் குனிந்தபடியே அவள் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீ எனக்கு ஏத்த மாதிரி பேசினே," என்றார். "கிளம்பலாம்!"

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறாத வித்தை, போயும் போயும் இன்றைக்கா காலை வாரவேண்டும்?

"போடா! போ! ஆனா நீ என் தம்பியே இல்லை!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். மரப் பறவையை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி உள்ளே ஓடினாள். அத்தான் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காரின் கூரையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவள் பின்னால் போனார்.

சுடுதண்ணி காரை எடுத்தார். பத்தடி போவதற்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. தெருவை அடைத்துக்கொண்டு எதிரே குப்பை லாரி நின்றது. கார் நின்ற இடம் அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. காரின் கண்ணாடியை ஏற்றலாமென்றால் கயிறு ஏற்ற விடவில்லை.

"பார்த்தியா, எப்படி வாயை அடைச்சேன்?" என்றார் சுடுதண்ணி. "மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான். என்கிட்ட அவ பாச்சா பலிக்குமா?"

மனைவி முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலுக்குள்ளே யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அது நிஜமான அழுகைதான். அவருக்கு அக்காவின் அழுகை தெரியும். மனசு கேட்கவில்லை. இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமென்று கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று. கதவு வரவில்லை.

அப்போதுதான், வாழ்நாளில் முதல் தடவையாக, அத்தான் பேசுவது அவர் காதில் விழுந்தது.

"அழாதே விடு, போன தடவை மாதிரியே இந்தத் தடவையும் உன் சண்டையை நிஜம்னு நம்பி அந்தச் சனியனைத் தூக்கிட்டுப் போயிட்டான், ஆனா அது திரும்பி வந்துடுமோன்னு பயந்துக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம்தான் தம்பிகூடப் பேசாம இருக்கப் போறே?"